மூன்றாம் காவல் வேளையில் ஒரு காந்த ஊசி

பொதுக்காலம் 19-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
வாசகங்கள்: சாஞா 18:6-9, எபி 11:1-2, 8-19, லூக் 12:32-48
(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரை)



இன்றைய நற்செய்தியில் ஒரு வீடு இருக்கிறது. தலைவர் திருமண விருந்துக்குப் போயிருக்கிறார். எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. பணியாளர்கள் இடையைக் கட்டிக்கொண்டு, விளக்கை ஏற்றிவைத்துக் காத்திருக்கிறார்கள். இரண்டாம் காவல் வேளையோ மூன்றாம் காவல் வேளையோ, அவர் எப்போது வந்து தட்டினாலும் உடனே கதவு திறக்க வேண்டும். யூத வழக்கப்படி இரவு மூன்று காவல் வேளைகள், உரோமை வழக்கப்படி நான்கு. லூக்கா எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று விவிலிய அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எந்தக் கணக்காக இருந்தாலும், நமக்குக் கண் சொருகும் நேரம் அது.

நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பணியாளர் இரவு முழுவதும் என்ன வேலை செய்தார்? நெல் குத்தினாரா, தண்ணீர் இறைத்தாரா? ஒன்றும் இல்லை. விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால், வெட்டியாக உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார். ஆனால் ஆண்டவர் பேறுபெற்றவர் என்று அழைப்பது அவரைத்தான்.

இப்படி விழித்திருந்த சிலரைப் பற்றி இன்று பேசலாம் என்று நினைக்கிறோம். அவர்கள் துறவிகள் அல்லர், புனிதர் பட்டியலிலும் இல்லை. மாலுமிகள், படைவீரர்கள், கணக்கெழுதும் உதவியாளர்கள். சிலர் துருவப் பனியில், சிலர் நம் சென்னை நுங்கம்பாக்கத்தில். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு காந்த ஊசியை.

நம் கடற்கரை மக்களுக்குத் திசைகாட்டியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஊசி வடக்கைக் காட்டும். ஆனால் அது காட்டுவது சரியான வடக்கை அல்ல. இடத்துக்கு இடம் கொஞ்சம் கிழக்கே, கொஞ்சம் மேற்கே விலகி நிற்கும். அந்த விலகல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரே நாளில் காலையிலும் மதியத்திலும்கூட நூலிழை அளவு அசையும். இன்னொரு விந்தையும் உண்டு. ஊசியை மேலும் கீழும் ஆடும்படி நடுவில் தொங்கவிட்டால், தென் தமிழகத்தில் அது ஏறக்குறைய தரைக்குச் சமமாகப் படுத்துக்கொள்ளும். வடக்கே போகப் போகத் தலை சாயும். துருவத்துக்கு அருகில் ஒரு புள்ளியில் செங்குத்தாக நின்றுவிடும்.

அந்தப் புள்ளிக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி. 1831-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள், வட கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில், எஸ்கிமோ மக்கள் விட்டுப்போன பனிக்குடில்களில் கருவிகளை வைத்து அளந்தார். ஊசி 89 பாகை 59 கலை சாய்ந்து நின்றது. நேர்செங்குத்துக்கு ஒரே ஒரு கலைதான் குறைவு. படுத்துத் திரும்பும் ஊசிகளோ எந்தப் பக்கமும் திரும்பாமல் செத்துப்போனதுபோல் கிடந்தன. அவர் வந்த கப்பல் பனியில் சிக்கி, நான்கு குளிர்காலங்கள் அங்கேயே கழிந்தன. கொடி நட்டார், கல் அடுக்கினார். செய்தித்தாள்கள் கொண்டாடியது அதைத்தான்.

நமக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் இருந்த கணித மேதை காஸ் என்பவரும் அவருடைய நண்பர் வேபரும் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். ஒருவர் ஓரிடத்தில் தனக்கு நேரம் கிடைத்தபோது ஊசியைப் பார்த்து எழுதினால் பெரிய பயன் இல்லை. ஊசியின் அசைவு அந்த ஊருக்கு மட்டும் உரியதா, உலகம் முழுவதுக்கும் உரியதா என்பது அதில் தெரியாது. உலகின் பல மூலைகளிலும் பலர் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஆகவே முன்கூட்டியே சில நாட்களைக் குறித்தார்கள். அந்த நாள் வந்தால் 24 மணி நேரமும், 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியைப் பார்த்து எண்ணை எழுத வேண்டும். ஒரு நாளைக்கு 288 முறை. எல்லா இடத்திலும் கடிகாரக் கணக்கு ஒன்றுதான், கோட்டிங்கன் நேரம்.

இன்றைய முதல் வாசகம் நினைவுக்கு வருகிறதா? எகிப்திலிருந்து விடுதலை பெற்ற அந்த இரவு நம் மூதாதையருக்கு முன்னதாகவே அறிவிக்கப்பட்டிருந்தது என்கிறது சாலமோனின் ஞான நூல். நாள் முன்பே தெரியும். அன்றைக்கு என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் கண்டவர் இல்லை. இருந்தாலும் சிதறிக் கிடந்த வீடுகள் எல்லாம் ஒரே இரவில், ஒரே மனத்தோடு விழித்திருந்தன.

1839-இல் இங்கிலாந்திலிருந்து எரெபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்கள் ராஸின் தலைமையில் தென்துருவம் நோக்கிப் புறப்பட்டன. அதையொட்டி டொரொண்டோ, செயின்ட் ஹெலெனா தீவு, நன்னம்பிக்கை முனை, டாஸ்மேனியா ஆகிய இடங்களில் காந்த ஆய்வுக்கூடங்கள் எழுந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி தன் பங்குக்கு சிம்லா, சிங்கப்பூர், மும்பை, சென்னை ஆகிய இடங்களில் அமைத்தது. சென்னை வானாய்வகம் நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இருந்து வந்தது. அதன் கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. அப்போது அதன் தலைவராக இருந்தவர் டெய்லர். 1837-லேயே திருவனந்தபுரம் வானாய்வகத்தின் கால்டெகாட்டோடு சேர்ந்து தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய் ஊசியின் திசையையும் சாய்வையும் வலிமையையும் அளந்தவர். 1846 முதல் 1850 வரை சென்னையில் எடுத்த காந்த எண்கள் புத்தகமாக அச்சாகியிருக்கின்றன. பக்கம் பக்கமாக வெறும் எண்கள். நாவல் படிப்பதுபோல் யாரும் படிக்க முடியாது!

கோட்டிங்கனில் நள்ளிரவு என்றால், கதிரவன் கணக்குப்படி சென்னையில் விடியற்காலை 4 மணி 41 நிமிடம். யூதர்களின் கணக்கில் மூன்றாம் காவல் வேளை. துறைமுகத்துக்குப் படகு திரும்பும் நேரம், கூடையோடு நம் அம்மாக்கள் கரையில் நிற்கும் நேரம். அந்த நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் ஊசியைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்க வேண்டும். எழுதி முடித்து நிமிர்ந்தால் அடுத்த 5 நிமிடம் வந்துவிடும். தூங்கி விழாமல் இருக்க என்ன செய்தார்களோ! கொசுக்கடி ஒருவேளை உதவியிருக்கலாம்.

ராஸின் கப்பல்கள் 1840 மே மாதம் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் உள்ள கெர்குலன் தீவை அடைந்தன. சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். மரம் இல்லாத, காற்று ஓயாத தீவு. அங்கே இருந்த 68 நாட்களில் 45 நாட்கள் புயற்காற்று. அந்த நிலையிலும் குறிக்கப்பட்ட நாளான மே 29 வருவதற்குள் கருவிகளைக் கரையில் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு ஊசி நிலைகொள்ளாமல் ஆடியது. வழக்கமான நூலிழை அசைவு அல்ல, பெரிய கொந்தளிப்பு. கருவியில் கோளாறோ, காற்று புகுந்ததோ என்று யாரும் சந்தேகப்பட்டிருக்கலாம். அவர்கள் பார்த்ததை அப்படியே எழுதினார்கள். பிற்பாடு பூமி உருண்டையின் ஏறக்குறைய எதிர்ப்புறத்தில் இருக்கும் டொரொண்டோவின் ஏட்டோடு ஒப்பிட்டபோது, அங்கேயும் அதே நேரத்தில் ஊசி கொந்தளித்திருந்தது. கெர்குலனில் இருந்தவருக்கு டொரொண்டோவில் நடப்பது தெரியாது. கேட்டறியத் தந்தி வசதி கிடையாது. ஒருவர் தூங்கியிருந்தாலும், 'இப்படியெல்லாம் ஆடாது' என்று எண்ணைத் திருத்தியிருந்தாலும், பூமி முழுவதும் ஒரே நேரத்தில் அதிர்கிறது என்ற உண்மை அன்று தெரியாமல் போயிருக்கும்.

இங்கே ஒரு சிறு விலகல். சிதம்பரம் என்றதும் காந்தத்தைப் பற்றி ஒரு செய்தி பல ஆண்டுகளாகக் கைப்பேசிகளில் சுற்றி வருகிறது. உலகின் காந்த நடுக்கோட்டின் மையப்புள்ளி நடராசர் கோயிலில் இருக்கிறது என்று. நம் மக்களிலும் பலர் அதை அனுப்புகிறார்கள். காந்த நடுக்கோடு என்பது ஊசி சற்றும் சாயாமல் படுக்கும் கோடு. அது உலகைச் சுற்றி வரும் கோடு ஆகையால், அதற்கு மையப்புள்ளி என்று ஒன்று கிடையாது. அது ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. இன்று அது சிதம்பரத்துக்கு வெகுதெற்கே, நம் நாட்டின் தென்முனைப் பக்கமாகப் போகிறது. அதனால்தான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் தன் ஆய்வுக்கூடம் ஒன்றைத் திருநெல்வேலிக்கு அருகே வைத்திருக்கிறது. நம் இந்துச் சகோதரர்கள் பல நூற்றாண்டுகளாகப் போற்றிவரும் அந்தக் கோயிலின் பெருமைக்கு இப்படி ஒரு முட்டு தேவையே இல்லை. நம் திருத்தலங்களைப் பற்றிச் சுற்றும் செய்திகளும் இதற்குக் குறைந்தவை அல்ல. விண்வெளி ஆய்வு நிறுவனமே வியந்தது என்று தொடங்கினால் கத்தோலிக்கர் நாமும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடுகிறோம். கெர்குலனில் கை விறைக்க எண் எழுதியவர்களை நினைத்தால், அனுப்பும் பொத்தானைத் தொடும் விரல் கொஞ்சம் தயங்க வேண்டும்.

சரி, ஊசிக்கு வருவோம். இடையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்கிறார் ஆண்டவர். நீண்ட அங்கி காலைத் தடுக்காமல் இருக்க அதை ஏற்றிக் கட்டுவது அந்நாட்டு வழக்கம். நாம் வேட்டியை மடித்துக் கட்டுவது போல. காந்த ஊசியைப் பார்க்கப் போகிறவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. உடலில் இரும்பு இருக்கக் கூடாது. பேனாக்கத்தி, சாவிக்கொத்து, எதுவாக இருந்தாலும் வெளியே வைத்துவிட்டு வர வேண்டும். டாஸ்மேனியாவில் ஹோபர்ட் நகரில் 1840-இல் கட்டிய ஆய்வுக்கூடத்தில் இரும்பு ஆணியே கிடையாது. மரமுளையும் செப்பாணியும்தான். ஒன்பது நாட்களில் அதைக் கட்டிக் கொடுத்தவர்கள் நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1901-இல் ஸ்காட் தென்துருவம் போன டிஸ்கவரி கப்பலில், காந்த அளவுக்கான இடத்தைச் சுற்றி 30 அடிக்கு இரும்பே இல்லாமல் கட்டினார்கள். ஏன் இவ்வளவு பாடு? பார்ப்பவரே ஊசியை இழுத்துவிடக் கூடாது என்பதற்காக. நம் சட்டைப்பையில் இருக்கும் கத்தி ஊசியை அசைத்துவிட்டு, நாம் 'பூமி அசைக்கிறது' என்று எழுதிவிடுவோம்.

ஆன்மிக வாழ்விலும் இது உண்டு. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காரும் குருவுக்கும் உண்டு, கணவன் மனைவி சண்டைக்குப் பஞ்சாயத்து பேசப் போகும் அன்பியப் பொறுப்பாளருக்கும் உண்டு. பையில் என்ன இரும்பு இருக்கிறது என்று முதலில் தடவிப் பார்க்க வேண்டும். பழைய கோபம், சாதி, கொடுக்கல் வாங்கல்.

இன்னொரு கட்டுப்பாடு இதைவிடக் கடினம். பார்க்காத நேரத்துக்கு எண் எழுதக் கூடாது. 4:35-க்கு ஓர் எண், 4:45-க்கு ஓர் எண் இருக்கிறது, 4:40-க்குக் கண் அசந்துவிட்டது என்று வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? பெரும்பாலும் அது சரியாகக்கூட இருக்கும். ஆனால் கட்டத்தைக் காலியாகத்தான் விட வேண்டும். 288 கட்டங்களில் ஒன்று பொய் என்று தெரிந்தால், மீதி 287-ஐ யார் நம்புவார்?

அன்பார்ந்தவர்களே, இதைக் கேட்டுவிட்டுத் துருவத்துக்குப் போனவர்களைப் பாராட்டிக் கலைந்துவிடுவது எளிது. நம் ஊரில் எத்தனை ஏடுகள் இருக்கின்றன! மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் நம் பெண்கள் 2 மணிக்கு ஒருமுறை, 4 மணிக்கு ஒருமுறை நோயாளியின் காய்ச்சலையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து அட்டையில் எழுதுகிறார்கள். காலையில் வரும் மருத்துவர் அந்த அட்டையை நம்பித்தான் மருந்து மாற்றுகிறார். 4 மணிக்கு எடுக்காததை 6 மணிக்கு உட்கார்ந்து, முந்தைய எண்ணைப் பார்த்து நிரப்பினால், அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு குழந்தையின் நிலை மாறியது யாருக்கும் தெரியாமல் போகலாம். பள்ளி வருகைப் பதிவு, நூறு நாள் வேலைப் பதிவேடு, படகு எஞ்சின் பார்த்த தேதி, கொதிகலன் அழுத்தம் எழுதும் தாள், ஏன், நம் பங்கின் திருமுழுக்குப் பதிவேடு, எல்லாமே ஊசியைப் பார்த்து எழுதும் வேலைதான். ஆள் போதாத வார்டில் ஒரே செவிலியர் நாற்பது பேரைப் பார்க்க வைத்துவிட்டு, அட்டை ஏன் காலி என்று அவரைத் திட்டுவது இன்னொரு பாவம். அதிகம் கொடுக்கப்பட்டவரிடம்தான் அதிகம் கேட்கப்படும் என்று இன்றைய நற்செய்தி முடிகிறது. கேள்வி முதலில் போவது மேலே இருப்பவரிடம்.

கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் வானிலைத் துறையின் நிலையங்கள் இருக்கின்றன. காலை 8:30 மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதுகிறார்கள். பளிச்சென்று வெயில் அடிக்கும் மே மாதத்திலும், மழையில்லை என்று எழுத வேண்டும். அதை வாசித்து யார் கைதட்டப் போகிறார்கள்? ஆனால் புயல் நேரத்தில் துறைமுகத்தில் எந்த எண் கூண்டு ஏற்றுவது, படகுகள் போகலாமா கூடாதா என்பதெல்லாம் இப்படிப் பல ஊர்களிலிருந்து, ஒரே நேரத்தில் எடுத்த எண்கள் சேர்ந்துதான் முடிவாகிறது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் காலை தானே புயல் நம் கரையைக் கடந்ததை நாம் மறக்கவில்லை. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த அந்தக் காலை. நமக்குப் புயல் எச்சரிக்கை வரும் சென்னை மண்டல வானிலை மையம் இருப்பது அதே நுங்கம்பாக்க வளாகத்தில், 1792-இன் அந்தக் கருங்கல் தூண் நிற்கும் இடத்தில்தான்.

இரண்டாம் வாசகத்தை விட்டுவிடக் கூடாது. எபிரேயர் திருமுகம் ஆபிரகாமைப் பற்றிச் சொல்கிறது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் புறப்பட்டார். அவரும் சாராவும் மற்றவர்களும் வாக்களிக்கப்பட்டதைப் பெறாமலேயே இறந்தார்கள், தொலைவிலிருந்து அதைப் பார்த்து வாழ்த்தியதோடு சரி.

ஆஸ்திரியக் கடற்படையில் கார்ல் வெய்ப்ரெக்ட் என்று ஓர் அதிகாரி இருந்தார். 1872 முதல் 1874 வரை வடதுருவப் பனியில் கப்பலோடு சிக்கித் தவித்துத் திரும்பியவர். புதிய நிலம் கண்ட வீரர் என்று ஊரே கொண்டாடியது. அவரோ, யார் முதலில் துருவம் போவது என்ற போட்டியால் அறிவு வளராது, பல நாடுகள் சேர்ந்து பல இடங்களில் ஒரே நேரத்தில் ஓர் ஆண்டு முழுவதும் அளந்தால்தான் பயன் என்று வாதாடினார். நாடுகள் மெல்ல மெல்ல இணங்கின. 1882 ஆகஸ்டில் முதல் பன்னாட்டுத் துருவ ஆண்டு தொடங்கியது. ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஊசி. வெய்ப்ரெக்ட் அதைப் பார்க்கவில்லை. 1881 மார்ச்சில் காசநோயால் இறந்துவிட்டார். வயது 42.

அந்தத் துருவ ஆண்டுக்காகக் கனடாவின் வடகோடிக்குப் போன அமெரிக்கர்கள் 25 பேர், கிரீலி என்பவர் தலைமையில். அவர்களில் மிக இளையவர்களில் ஒருவர் எட்வர்ட் இஸ்ரேல். 22 வயதில் போன யூத இளைஞர். வானியல் அளவுகளும் காந்த அளவுகளும் அவர் பொறுப்பில் இருந்தன. 1882-லும் 1883-லும் வரவேண்டிய உதவிக் கப்பல்கள் வந்துசேரவில்லை. 1883 ஆகஸ்டில் நிலையத்தை விட்டுத் தெற்கே புறப்பட்டபோது, உணவுக்கே இடம் போதாத படகுகளில் அளவு ஏடுகளைத் தகரப் பெட்டிகளில் அடைத்து ஏற்றினார்கள். கனமான ஊசல் கருவி ஒன்றும் கூட வந்தது. 'சுமை என்றால் எறிந்துவிடலாம்' என்று தலைவர் சொல்லியும் ஆட்கள் மறுத்துவிட்டார்கள். அடுத்த குளிர்காலத்தில் பட்டினி. தோலையும் பாசியையும் தின்றார்கள். உணவு திருடியதற்காக ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்களை வீரர்களாக மட்டும் காட்டி அந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1884 ஜூன் 22-ஆம் நாள் மீட்புக் கப்பல் வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 7 பேர், ஊர் திரும்பியவர்கள் 6 பேர். எட்வர்ட் இஸ்ரேல் அதற்கு நான்கு வாரத்துக்குச் சற்றுக் குறைவாக முன்பு, மே 27-ஆம் நாள் இறந்திருந்தார். ஏடுகள் வீடு வந்து சேர்ந்தன.

அந்த ஏடுகளால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் வந்தது, ஆனால் எழுதியவர்கள் எதிர்பார்த்த வழியில் அல்ல. மாலுமிகளுக்கு நல்ல வரைபடம் வேண்டும் என்றுதான் அரசுகள் பணம் கொடுத்தன. கம்பெனிக்குக் கப்பல் பத்திரமாகச் சரக்கோடு வந்தால் போதும். ஆனால் 1852-இல், டொரொண்டோ, ஹோபர்ட் ஏடுகளை வைத்து எட்வர்ட் சபைன் என்பவர், காந்தக் கொந்தளிப்பு கூடுவதும் குறைவதும் கதிரவன் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளின் சுழற்சியோடு ஒத்துப்போவதைக் கண்டார். கதிரவனைப் பற்றித் தெரிந்துகொள்ள யாரும் அந்த ஊசிகளைப் பார்க்கவில்லை. நம் காலத்தில் அறிவியலார் பழைய கப்பல் குறிப்பேடுகளையும் பயண ஏடுகளையும் திரட்டி, 1590 முதல் பூமியின் காந்தப்புலம் எப்படி மாறிவந்தது என்று வரைந்திருக்கிறார்கள். பூமியின் வயிற்றுக்குள் உருகிய இரும்பு எப்படிப் புரள்கிறது என்பதை அதிலிருந்துதான் ஊகிக்கிறார்கள். காஸின் காலத்திலிருந்து இன்றுவரை அந்தப் புலம் ஏறத்தாழ 9 விழுக்காடு வலு குறைந்திருக்கிறது. ராஸ் கல் அடுக்கிய இடத்திலிருந்து வட காந்தத் துருவம் எங்கோ நகர்ந்து, கனடாவை விட்டே வெளியேறி, சைபீரியா பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. நம் கைப்பேசித் திசைகாட்டிக்குள் இருக்கும் கணக்கை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். அந்தக் கணக்குக்கு வேண்டிய அளவுகளை எடுக்கும் வேலை தொடர்கிறது. தென்துருவத்தில் இந்தியாவின் மைத்ரி நிலையத்தில் நம் நாட்டவர் இன்றும் ஊசியைப் பார்க்கிறார்கள்.

ஆனால் பயன் வந்ததால்தான் அவர்கள் விழித்திருந்தது நல்லது ஆயிற்று என்று நாம் சொல்லவில்லை. கெர்குலன் தீவில் 1903 பிப்ரவரியில் பெரிபெரி நோயால் இறந்த ஜெர்மானிய வானிலையாளர் என்சென்ஸ்பெர்கருக்கு எந்தப் பயனும் தெரியாது. சென்னையில் அந்த 288 கட்டங்களையும் நிரப்பிய உதவியாளர்களின் பெயர்கூட நம் கையில் இல்லை. நற்செய்தியில் வரும் பணியாளருக்கும் பெயர் இல்லை. தலைவர் வந்து, "நீ விழித்திருந்ததால் எனக்கு இவ்வளவு இலாபம்" என்று கணக்குச் சொல்வதாக லூக்கா எழுதவில்லை. அவர் எழுதியிருப்பது வேறு. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. வந்த தலைவர் தாமே இடையைக் கட்டிக்கொள்கிறார். இரவெல்லாம் நின்றவர்களைப் பந்தியில் உட்கார வைக்கிறார். தாமே பரிமாறுகிறார். எந்த வீட்டிலாவது எசமானர் இப்படிச் செய்து பார்த்திருக்கிறோமா? திருப்பலியில் நாம் உட்காருவது அந்தப் பந்தியில்தான்.

நம் மாவட்டத்தில் இன்னொரு விழிப்பையும் சொல்ல வேண்டும். 2004-இல் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர் மக்கள் சிலர் பயிற்சி பெற்று, காற்றில் நாற்றம் வரும்போதெல்லாம் தேதி, நேரம், எந்த மாதிரி நாற்றம், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று எழுதத் தொடங்கினார்கள். வாளிக்குள் பை வைத்துக் காற்றையே பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். பட்டம் பெற்றவர்கள் அல்லர், அந்தக் காற்றை மூச்சாக இழுத்தவர்கள். அதற்கு முன் 'நாறுகிறது' என்று சொன்னபோதெல்லாம் கேட்காத அதிகாரிகள், தேதியும் நேரமும் போட்ட தாளைக் கண்டபோது பதில் சொல்ல வேண்டியிருந்தது. பாதிப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் நள்ளிரவில் நாற்றத்தில் விழித்த ஒரு தாய், பிள்ளைக்கு விசிறிவிட்டு, எழுந்து மணி பார்த்து எழுதினாரே, அதுவும் இடையைக் கட்டுவதுதான்.

ஐப்பசி அடைமழைக்கு இன்னும் இரண்டு மாதம்தான். நம் பங்கு இளைஞர்கள் ஆலய வளாகத்தில் ஒரு மழைமானி வைத்திருக்கிறார்கள். ஏழு பேர், ஆளுக்கு ஒரு நாள், காலை 8:30 மணி. ஒரு நீள நோட்டில் கோடு போட்டு எழுதுகிறார்கள். 2015 வெள்ளத்தின்போது எந்தத் தெருவில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, எந்தத் தேதியில் வடிந்தது என்று உங்களில் யாராவது குறித்து வைத்திருந்தால், அதையும் அவர்களிடம் கொடுங்கள். நினைவிலிருந்து சொல்வது வேண்டாம், அன்றைக்கு எழுதியது மட்டும் போதும் என்கிறார்கள். நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். பெரும்பாலும் சுழிதான். போன வியாழக்கிழமைக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அன்றைய முறைக்காரருக்குக் காய்ச்சலாம்.